விதானையார் வேசம்

இருபது வருசம் நான்தான் ராசா.
மட்டைக் கிரீடம், சரிகைச் சால்வை,
வேர்வையில் கரைந்து வாய்க்குள் இறங்கும் மீசை.
மார்க்கண்டு எனக்குப் பின்னால்
ஓலை வாசிக்கிறவன்,
மூன்றாம் காட்சியில் கடன் கேட்டு வந்து
நாலாம் காட்சியில் மறக்கப்படுகிறவன்.

சமூக நாடகங்கள் தொடங்க
அவனுக்கு உத்தியோகம் உயர்ந்தது:
தபாற்காரன், சங்கக்கடை மனேச்சர்,
கடைசியில் விதானையார்.
மூன்றே வசனம்.
அதுக்காகத் துணுக்காய்க் கந்தோர் வாசலில்
ஒரு கிழமை குந்தியிருந்தான்,
உண்மையான விதானையார்
பேனை மூடியை எப்படிக் கழற்றுகிறார் என்று பார்க்க.
பல்லால் கழற்றுகிறார்.
கடித்த மூடியோடே "அடுத்த ஆள்" என்கிறார்.
ஆகவே அந்தச் சொல் பாதி காற்று.

யோகபுரத்தில், பாண்டியன்குளத்தில்
பெற்றோல்மாக்சில் பூச்சி மொய்க்க
மார்க்கண்டு மூடியைக் கடித்தான்.
நான் மகனைப் பறிகொடுத்துக் கதறுகிற காட்சி அது.
சனம் அவனைப் பார்த்துச் சிரித்தது.
மூன்று நாள் நான் அவனோடு கதைக்கவில்லை.

பிறகொருநாள் மல்லாவிச் சந்தியில்
ஒரு மனிசி அவனிடம் படிவம் நீட்டினா.
"நான் நடிக்கிறவன், அக்கா."
"தெரியும். ஆனா நீங்கள் நிமிர்ந்து ஆக்களைப் பாக்கிறீங்கள்.
அந்தாள் பாக்கிறேல்லை."
பக்கத்தில் நான் நின்றேன்.
ராசாவிடம் ஒரு முறைப்பாடும் வரவில்லை.

அந்த மாரிக்குப் பிந்திய மாதங்களை
நான் எழுதப்போவதில்லை.
செட்டிகுளத்தில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே
வெள்ளைக் கூடார வரிசையில்
சீருடைக்காரன் ஒருவன் உடைந்த தமிழில் கேட்டான்:
"இங்க விதானே யாரு?"
எல்லாரும் திரும்பி மார்க்கண்டுவைப் பார்த்தார்கள்.
பகிடிக்கில்லை.
அவன் காலில் ஒற்றைச் செருப்பு,
உடம்பில் என்னுடைய சேட்டு.
எழும்பினான்.

யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பி,
முன்பக்கத்தில் எட்டாம் வாய்ப்பாடு.
பின்பக்கத்திலிருந்து தொடங்கினான்.
பேர். குடும்பத்தில் எத்தனை பேர். அரிசி, பால்மா.
ஒருவரும் சொல்லாமலே
நாலாவதாய் ஒரு கோடு கிழித்து
மேலே எழுதினான்: தேடுகிறவர்கள்.
மூடியைக் கடித்தான்.
"அடுத்த ஆள்."
ஏழு மாதம். ஒத்திகையில்லை, திரையில்லை.
இரண்டுதரம் அடியும் வாங்கினான்,
கணக்கில் ஒரு மூட்டை பருப்பு குறைந்ததற்கு.

பத்து வருசத்தால் படமெடுக்க வந்தார்கள்.
கொழும்புப் பெடியன் நெறியாளன்,
வெயிலுக்குக் கமராவுக்கும் ஒரு குடை.
மார்க்கண்டுவுக்கு விதானையார். வசனம் இரண்டு.
"கட்! ஐயா, அந்த மூடி கொஞ்சம் மிகை.
விதானைமார் அப்படிச் செய்யிறேல்லை."
அவன் பேனையைக் கொஞ்சநேரம் பார்த்தான்.
"சரி தம்பி."
விரலால் கழற்றினான். ஏழாம் எடுப்பில் சரிவந்தது.

கிளிநொச்சியில் திரையிட்டார்கள்.
நாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு மங்கல்,
அதுதான் மார்க்கண்டு.
குரலும் வேறு யாருடையதோ, வானொலித் தமிழ்.
பதினொரு செக்கன்.
எண்ணியது நான்;
அவன் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.
எனக்குள் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது,
பொய் சொல்லக்கூடாது.

வாசலில் ஒருத்தி வழி மறித்தா.
"விதானையார்."
படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"இரண்டாம் வலயம், தண்ணித் தாங்கிக்குப் பக்கத்துக் கூடாரம்.
அந்த நாலாம் கோட்டில
என்ர அவரின்ர பேரை 'ட்' போட்டு எழுதிப்போட்டீங்கள்.
பற்குணம். பெரிய 'ற்'.
இவ்வளவு காலமும் அது எனக்கு நெஞ்சுக்க கிடக்குது."

"கொப்பி வீட்டில இருக்கு," என்றான்.
சேட்டுப்பையைத் தடவிப் பேனை எடுத்தான்.
எழுதக் கிடைத்தது படத்தின் அழைப்பிதழ்தான்;
பின்பக்கத்தைத் திருப்பி
முழங்காலில் வைத்துக் குனிந்தான்,
நிமிர்ந்து அவவைப் பார்த்தான்,
மூடியைப் பல்லால் கழற்றினான்.
"முழுப்பேரையும் சொல்லுங்கோ,"
பாதி காற்று.

நான் கச்சான் சரையைப் பிடித்தபடி
ஒரு எட்டுப் பின்னால் நின்றேன்.