இயன்றவரை

வரைவு நேற்றிரவே வந்துவிட்டது. பதினெட்டுப் பக்கம்.
காதில் மாட்டிக்கொண்டு திறந்தேன்.
"ஜே கே அடைப்புக்குறி எம் எம் சதவீதம்"
என்றது கணினி மூச்சு விடாமல்,
தெருச்சண்டையின் கடைசி வசவுபோல.
பழைய எழுத்துரு.
பார்க்கிறவர்களுக்குத் தமிழ்.
எனக்கு, மழையில் நனைந்த ரேடியோ.

மாவட்டத்தின் இணையச் சேவைகள்
மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமாய்க் கிடைக்க
விதி எழுதும் குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.
படி உண்டு, நாளுக்கு இருநூறு.
படிக்கத்தான் வழியில்லை.

சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம்.
அக்கினி வெயில் கைப்பிடிக் கம்பியிலும் ஏறியிருந்தது.
"லிப்டு ரிப்பேராயி கீதும்மா" என்றார் காவலாளி.
எண்ணிக்கொண்டே ஏறினேன், எண்பத்தெட்டுப் படி.
(இந்தப் படிக்கு யாரும் பணம் தருவதில்லை.)

"இருபத்திரண்டு வருஷமா இதே எழுத்துருதான் மேடம்,
யாரும் குறை சொன்னதில்ல" என்றாள் திலோத்தமை.
குறை சொல்ல, முதலில் படிக்க வேண்டுமே.
அவள் பதில் சொல்லாமல்
நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒருங்குறியில் முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள்.
பழகிய விரல்களுக்கு ஊர் மாறிப்போனது;
ளகரத்தைத் தேடி அலைந்தாள், ழகரத்தில் முட்டிக்கொண்டாள்.
விதி ஒன்று என் காதுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டரை.
அவள் டிபன் பாக்ஸில் மாவடு மணம், திறந்தபடியே.
விதி ஏழு, மூன்றே கால்.

"காணொளிகளுக்கு எழுத்துவரியும்
படங்களுக்கு விளக்கமும்
இயன்றவரை வழங்கப்படும்."

கை தூக்கினேன்.
பூவராகன் சார் செருமினார்:
"அது சும்மா ஒரு சொல்லும்மா. நிதித்துறை கேக்கும் இல்ல?"
சும்மா இருக்கிற சொல்தான் சார்
மற்ற சொற்களைத் தின்றுவிடும்.

எதிரே பேரணாம்பட்டு சிப்கத்துல்லா.
தோல் கம்பெனிக் கணக்கர், காது கேளாதவர்.
அவருக்காகக் கைகளால் பேசிக்கொண்டிருந்தாள் ஹெப்சிபா.
அந்தப் பேச்சு எனக்கு வளையல் சத்தம் மட்டும்.
"இயன்றவரை" வந்ததும்
வளையல் நின்றது.
மின்விசிறி மட்டும்.
பிறகு சட்டைக்கையின் சரசரப்பு,
மேசையில் ஒரு தட்டு.
ஹெப்சிபா குரலில் சொன்னாள்:
"குழாயடியில நாப்பது குடம்.
தண்ணி நின்னுபோச்சு.
என் குடம் நாப்பத்தொண்ணு.
அந்தச் சொல்லுக்கு இதுதானே அர்த்தம்னு கேக்கறார்."

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.
பாலாற்றில் தண்ணீர் இயன்றவரை வரட்டும் சார்,
பாலத்தையும் அப்படிக் கட்டியிருந்தால்
காட்பாடிக்குப் போகிறவர்
நடு மணலில் இறங்கியிருப்பார்.

யாரோ சிரித்தார்கள்.
பூவராகன் சார் சிரித்தாரா, தெரியாது.
பேனா மூடி திறந்தது.
தாளில் நீளமாய் ஒரு கீறல்.
ஆறு எழுத்து போயிற்று.

இரவு, விருதம்பட்டு வீட்டில்,
திருத்திய பிரதி வந்தது.
சுத்தமான ஒருங்குறி. ஒவ்வொரு புள்ளியும் பேசியது.
பழக்கதோஷம், தேடிப் பார்த்தேன்.
"இயன்றவரை. முடிவு ஒன்று.
விதி பதினாறு, உட்பிரிவு ஆ:
மேற்கண்ட அனைத்தும் இயன்றவரை."

ஏழிலிருந்து நடந்து
பதினாறில் போய் உட்கார்ந்திருக்கிறது,
இப்போது எல்லாவற்றுக்கும் மேலே.

"நான் சேர்க்கல மேடம், மேலேர்ந்து வந்துச்சு,"
போனில் திலோத்தமை.
"உங்களுக்குத் தேடக் கிடைக்கணும்னுதான்
எழுத்துப்பிழை இல்லாம அடிச்சேன்."

சிப்கத்துல்லாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
குடம் பதினாறாம் விதியில்.
பதில் உடனே வந்தது, ஒரு சொல்லும் இல்லாமல்.
கணினி வாசித்தது:
"குடிநீர்க் குழாய். குடிநீர்க் குழாய். கோபமான முகம்."

விரல்நுனியளவுப் படம்.
அதற்கும் எங்கோ யாரோ உட்கார்ந்து
பெயர் எழுதி வைத்திருக்கிறார்.
முழுதாக.

நாளைக்கும் எண்பத்தெட்டுப் படி.
லிப்டைச் சரிசெய்திருந்தால், குறைவு.