கை கழுவும் தொட்டி

சிவதாபுரத்தில் பதினாலுக்குப் பத்து அறை.
அட்வான்ஸ் முப்பதாயிரம், குழுக்கடன்.
மூன்று மேசை, கேஸ் அடுப்பு,
பழைய கம்பி மெஷின் ஒன்று
(சத்தம் போடும் என்பதால் விலை குறைத்தார்கள்).
இதற்கெல்லாம் முன்னால் நான் வாங்கியது
ஒரு பிளாஸ்டிக் தொட்டி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
கொலுசுப் பட்டறையில் கை கழுவிய தண்ணீரை
யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை.
நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளி
அடியில் போய்ப் படியும்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
மண் வாங்குகிறவர் வருவார்,
எங்கள் அழுக்கை விரலால் நசுக்கிப் பார்த்து
விலை சொல்வார்.

பதினோரு வருடம்
அங்கப்பன் பட்டறையில் பொடி வைத்து ஊதினேன்.
சாயங்காலம் அவர் வாசலில் நிற்பார்.
"முந்தானையை உதறிட்டுப் போம்மா."
தினமும் சொல்வார்,
தினமும் அந்த "ம்மா"வைச் சேர்த்து.
அந்தக் கோபத்தில்
பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன்.

இப்போது என் பட்டறை.
மீட்டர் மாற்ற வந்த கரண்ட் ஆபீஸ்காரர்
"முதலாளி யாருங்க?" என்றார்.
நான் திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் சுவர்தான் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கட்டி வெள்ளி எடுத்தேன்,
மாதம் பன்னிரண்டு கிலோ.
கிலோவுக்குப் பத்து கிராம் சேதாரம் என்று பேச்சு.
தாண்டினால் என் கூலியில் பிடிப்பார்கள்.
முதல் மாதம் தாண்டியது.
எழுபது கிராம்.

எழுபது கிராம் என்பது
பூபதி கேட்டிருந்த முன்பணம்,
அல்லது வாடகை,
இரண்டும் இல்லை என்றால் என் தூக்கம்.

தேடினேன்.
ஃபேனை நிறுத்திவிட்டுப் பெருக்கினேன்.
மேசைக்கால் இடுக்கைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன்.
ராத்திரி வீட்டில் பேப்பரை விரித்து
என் தலையையே பேன் சீப்பால் வாரிப் பார்த்தேன்.
நாலு நரைமுடி விழுந்தது.
வெளிச்சத்தில் பிடித்து, நரைதான் என்று
உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் ஆறு மணி.
கால் தானாக வாசலுக்குப் போய் நின்றது.
வாயும் தானாக:
"ஜெயசுதா, முந்தானையை உதறிட்டு…"

ஜெயசுதா.
அங்கப்பன் பட்டறையில் எனக்கு அடுத்த மேசை.
பதினோரு வருடமும்
அதே பஸ்ஸில் என்னோடு நின்றுகொண்டே வந்தவள்.
சம்பளம் குறைவு என்று தெரிந்தே
என் பின்னால் வந்தவள்.

ஒன்றும் சொல்லவில்லை.
உதறினாள்.
தேவைக்கு மேல் இரண்டு முறை,
என் பாதத்தின் மேல்.
கட்டைவிரல் நகத்தில்
ஒரு புள்ளி மின்னியது.
அதைக் குனிந்து எடுத்தேனா என்றால்,
எடுத்தேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு
எல்லோருக்கும் முன்னால் என் புடவையை உதறினேன்.
ஜெயசுதா சிரித்தாள்.
எந்தச் சிரிப்பு என்று இன்றுவரை பிடிபடவில்லை.
கணக்கு நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

இரண்டாம் மாதம் நாற்பது கிராம்.
மூன்றாம் மாதம் ஒன்பது.
வெள்ளி விலை ஏறியதில்
ஒன்பதே முந்தைய இருபதைப் போல வலித்தது.
சனிக்கிழமை சம்பளக் கவர்களை ஒட்டி முடித்தால்
ஒரு கவர் மிஞ்சும்.
அது என்னுடையது. காலி.
கிழியாமல் இருந்தால்
அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பேன்.

அக்கா போனில் சொல்கிறாள்:
"அங்கேயே இருந்திருந்தா மாசச் சம்பளமாவது வந்திருக்கும்.
போதும்டி. கை கழுவிடு."

கழுவினேன் அக்கா.
முழங்கை வரைக்கும்,
நகக்கண் நகக்கண்ணாக.
தொட்டியில்.