முன்மொழிபவர் நிரப்ப வேண்டியது

படிவத்தில் நாலாம் பக்கம் என்னுடையது.
முந்நூறு சொற்களுக்கு மேற்படாமல்.
அறிவியல்நகரில் விடியவே மின்சாரம் போய்விட்டது,
மடிகணினியில் பதினொரு வீதம் மிச்சம்.

"தேசிய ஆய்வு விருதுக்கு எமது பீடத்தின் சார்பில்
கலாநிதி தர்மினி வைத்திலிங்கத்தை…"

அதற்குப் பின் வருகிற சொல்லெல்லாம்
பிரியாவிடையில் சட்டம் போட்டுக் கொடுக்கிற
வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது.
அழித்தேன்.

உண்மையை எழுதுவதென்றால்
இப்படித்தான் தொடங்கவேண்டும்:
எட்டு வருடத்துக்கு முன்
இவருடைய ஆய்வுத்திட்டத்தை மறித்தவன் நான்.
மாதிரி நிலம் போதாது என்றேன்.
ஒரு மீற்றர் அகலத்தில் கோடு கோடாய்க் காடா,
தலைவாரக் கீறின வகிடா என்று
தேத்தண்ணி நேரத்தில் பகிடியும் விட்டேன்.
சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்றைக்குப் பேராசிரியர்கள்.

அந்த ஒரு மீற்றர்
அவர் தேர்ந்த அகலம் அல்ல.
ஒட்டுசுட்டானுக்கு அப்பால்
மிதிவெடி அகற்றுகிறவர்கள் முழங்காலில் இருந்து
சாண் சாணாய்த் திறக்கிற பாதையின் அகலம்.
இரண்டு பக்கமும் சிவப்புத் தடி,
மண்டையோடு கீறிய பலகை.
அவர்கள் வெட்டிச் சுத்தமாக்கிய இடத்தில்
எது முதலில் திரும்பி வருகிறது?
அவ்வளவுதான் கேள்வி.

நாயுருவி ஒன்பதாம் நாள்.
விண்ணாங்கு அடிக்கட்டையிலிருந்து, முதல் மாரியோடு.
உலுவிந்தை மூன்றாம் வருடம், அதுவும் நிழலில்.
பாலையில் மட்டும் இன்றுவரை ஒரு கன்று இல்லை.
காரணம், அவருடைய ஏழு கட்டுரைகளிலும்
ஒரே வசனம்:
இன்னும் தெரியவில்லை.

நான் இருபத்திமூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன்.
அந்த வசனம் ஒன்றிலும் இல்லை.

சிக்கல் பதினொராம் இலக்கத்தில்.
இணை ஆய்வாளர், பெயர், அதியுயர் பட்டம்.
தர்மினி தன் கையெழுத்தில் நிரப்பி அனுப்பியிருந்தார்:
புனிதமலர் சின்னராசா.
மிதிவெடி அகற்றுநர்.
பத்தாம் ஆண்டு, 2008.

கீழே பொடி எழுத்தில்: பட்டதாரிகள் மட்டும்.

தொலைபேசி எடுத்தேன்.
"இந்தப் பேரை எடுத்துவிட்டால் வெல்லலாம், தர்மினி.
நன்றியுரையில் போடலாம்தானே."

காற்றிரைச்சல். எங்கேயோ காட்டு விளிம்பில் நிற்கிறார்.
"சேர், முதல் இரண்டு வருசம் என்னை உள்ளுக்கு விடேல்லை.
நான் சிவப்புத் தடிக்கு இங்கால நிண்டனான்.
அவதான் முகமூடிக்குள்ளால கத்தி
எத்தினை முளை, எத்தினை இலை எண்டு சொன்னவ.
நான் எழுதினனான்."
கொஞ்சம் பொறுத்து,
"எழுதினவளுக்குத்தான் விருது எண்டால்
எங்கட பீடத்தில தட்டெழுத்தாளர் இருக்கிறா, சேர்."

கணினி அணைந்தது.
குமிழ்முனைப் பேனாவால் எழுதினேன்:
இவருடைய முறையை நான் எதிர்த்தேன். பிழை என்னுடையது.
இந்த நிலத்தில் எங்கே கால் வைக்கலாமோ
அங்கேயே விஞ்ஞானமும் வைக்கலாம் என்று
இந்த இருவரும் காட்டியிருக்கிறார்கள்.
இன்னும் சில வரி, புள்ளிவிபரம், மேற்கோள் எண்ணிக்கை.
எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு சொல்.
மிச்ச இடம் வெள்ளையாய்க் கிடந்தது.
கிடக்கட்டும்.

பீடாதிபதி பதினொராம் இலக்கத்தில் விரலை வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
"திருப்பி அனுப்புவினம்."
"அனுப்பட்டும், சேர்."
பேனா மூடியைக் கழற்ற
அவருக்குக் கன நேரம் எடுத்தது.

கிளிநொச்சித் தபாற்கந்தோர், மூன்று நாற்பது.
எனக்கு முன்னால் ஒரு பெடியன்
கட்டாருக்குக் கடவுச்சீட்டுப் பிரதி அனுப்புகிறான்.
தராசில் வைத்த கடித உறை
இருபது கிராம் கூட.
இன்னொரு முத்திரை வேணும் என்றார் பெண்.

"பதிவுத் தபாலோ?"
"ஓம். கொழும்புக்கு."
"மறுமொழி எப்ப வருமாம்?"
"கார்த்திகையில எண்டு போட்டிருக்கு."

"அப்ப நல்ல மழைக்க," என்றார்
முத்திரையின் முதுகை நனைத்தபடி.