ஸ்ஸ்

நிரோஜினி பார்மசியில் நிற்கிறாள்.
நாள் முழுக்கப் பம்பர்ஸ் விற்கிறாள்,
சிறியது, நடுத்தரம், பெரியது.
ஊழியருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு.
கழித்தும் எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை.

காசு ஒரு காரணம். மற்றது
தர்மிகாவின் துடை இடுக்கில் எரிந்த சிவப்பு.
அவளுக்கு அப்போது நான்கு மாதம்.
எனக்கு வேலை போய் ஆறு கிழமை.

"வீட்டிலதானே நிக்கிறீங்கள்,
பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ, தெரியும்"
என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பார்த்தேன்.
வேறெவர் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை,
சம்பளம் தருவாரோ என்று முதலாளியின் முகத்தைக்கூட.
பால் குடித்துப் பன்னிரண்டாம் நிமிடம்
ஆட்டிக்கொண்டிருந்த கால் நிற்கும்.
கண் என்னைத் தாண்டிப் போய்
காலண்டர் ஆணியில் தொங்கும்.
கீழுதடு ஒரு பக்கம் இழுபடும்.
அவ்வளவுதான் அறிவித்தல்.
தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.
நீலப் பேசினுக்கு மேலே
இரண்டு துடைக்குக் கீழும் கை கொடுத்து
ஸ்ஸ் என்று சொல்லவேண்டும்.

முதல் நாள் ஏழு தரம் பிடித்தேன்.
ஆறு தரம் என் சாரத்தில்.
ஏழாவது, பிளாஸ்டிக்கில் விழுந்தது
ஊசித் தூறல் மாதிரி.
மேல்மாடி ஃபஸ்லியா ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இதுக்கா கூப்பிட்டீங்க?" என்றவர்
குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

சிக்கல் பிறகுதான் வந்தது.
குக்கர் ஸ்ஸ் என்றாலும் சலம் பெய்தாள்.
வெட்டிய தண்ணீர் இரவில் திரும்பும்போது
குழாய் முதலில் காற்றைத்தான் துப்பும்,
அதற்கும் பெய்தாள்.
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்
வெள்ளவத்தைச் சந்தையடியில் பிரேக் அடிக்க,
அந்தக் காற்றுக்கு,
என் மடியையும் தாண்டி
பக்கத்து மனிதரின் வெள்ளைக் காற்சட்டையில்.
தெரிந்த மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன்.
"கமக் நே" என்றார்.
தன் லேஞ்சியை எடுத்து
முதலில் பிள்ளையைத் துடைத்தார்.

ஸ் எங்கள் எழுத்தில்லை என்று
கொப்பியில் சிவப்பால் வெட்டிய
சிவலோகம் ரீச்சருக்கு இதை எப்படிச் சொல்ல?
நானும் பிள்ளையும்
ஐந்து மாதமாக அந்த ஒரு எழுத்தில்தான் கதைக்கிறோம்.

நேற்று விடியற்புறம்,
கரையோரம் முதல் ரயில் போன பிறகு
விலாவில் ஒரு உதை.
கண் திறந்தால்
முகத்துக்கு மேலே தர்மிகாவின் முகம்.
முளைத்த இரண்டு பல்லுக்கு நடுவால்,
பாதி துப்பல், பாதி காற்று:
ஸ்ஸ்.

அள்ளிக்கொண்டு ஓடினேன்.
குளியலறை வாசலோடு முடிந்துவிட்டது.
நிரோஜினியை எழுப்பவில்லை,
எட்டு மணிக்கு அவளுக்குக் கடை.
நனைந்த சாரத்தோடு இருட்டில் நின்று
"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.

கொட்டாவி விட்டாள்.