ஏழுகடல் தெருவில் தண்ணீர் இல்லை

கோயில் பார்த்தாயிற்று, மகால் பார்த்தாயிற்று,
பணம் புழங்கிய பழைய தெருவைக் காட்டுங்க என்றார்
என் நாத்தனார் வீட்டுக்காரர் கனகசபாபதி.
பம்பாயில் முப்பத்தோரு வருஷம்
வங்கித் தலைமையகத்தில் இருந்தவர்.
லண்டனில் அப்படி ஒரு தெரு பார்த்தாராம்.
கல் கட்டடங்கள், வாசலில் வெண்கலச் சிங்கம்,
கறுப்புக் குடையோடு
ஓசைப்படாமல் நடப்பார்களாம் ஆட்கள்.

ஓசைக்கு நான் பொறுப்பில்லை என்றேன்.

ஏழுகடல் தெருவில் ஆரம்பித்தோம்.
கடல் எங்கே என்றார்.
குளமாக இருந்தது, கடைகளாகிவிட்டது.
டீக்கடை வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தது.
அதைப் படமெடுத்துக்கொண்டார்.

கீழமாசி வீதியில் வத்தல் மூட்டை இறங்குகிற நேரம்.
பதினொரு தும்மல், எண்ணினேன்.
'சார் காலு, சார் காலு' என்று
டிரைசைக்கிள் ஒன்று அவர் செருப்பை உரசிப் போனது.
துண்டுச்சீட்டில் பென்சிலால்
ஆறு லட்சத்துச் சொச்சம் எழுதிக் கைமாறியது.
கையெழுத்தே இல்லையே என்றார்.
'கையெழுத்து வாங்கினா
நம்பலைன்னு அர்த்தம்'
எடைத்தட்டிலிருந்து கண்ணெடுக்காமல்
சொன்னார் மண்டிக்காரர்.

பத்துத்தூண் சந்தில் அண்ணாந்து அண்ணாந்து
கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.
நாயக்கர் அரண்மனையின் மிச்சம்.
தூணைச் சுற்றி நைட்டி, உள்பாவாடை,
மூன்று நூறு ரூபாய்க்குக் குழந்தைச் சட்டை.
'ராஜா வந்து பார்த்தா என்ன சொல்வார்?'
'மொத்த விலை என்னன்னு கேப்பார்.'
தெரு முழுக்கக் கேட்கச் சிரித்தார்.
நான் வேடிக்கையாகப் பேசுகிறவள்தான்.

தெற்கு ஆவணி மூல வீதியில்
கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

கிராம் விலைப் பலகையில் ஒரு பையன்
மூன்றை மூடி எட்டாக்கிக்கொண்டிருந்தான்.
உலகம் பூரா இந்த எண்ணைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு
என்று எனக்கு விளக்கினார்.
தலையாட்டினேன்.

ஒரு மரப்படி. பதினேழு படிகள்.
மேலே கம்பிக்கு அப்பால் ஒரு கை.
முகம் தெரியாது, அந்தக் கையை மட்டும் தெரியும்.
சுண்டுவிரலில் நீலக்கல்.
ஐந்தேகால் பவுனை உரைகல்லில் ஒரு கீறு கீறி,
கீறலைப் பார்த்தது, என்னைப் பார்க்கவில்லை.
பையனுக்குக் காலேஜ் சீட்டு.
பிறகு வட்டி.
பிறகு வட்டியைக் கட்ட ஒரு வட்டி.
போன ஆவணியில் மூழ்கிப்போச்சு.
அப்படித்தான் சொல்வோம் இங்கே,
நகை மூழ்கிப்போச்சு என்று.
குளத்தைத் தூர்த்துக் கடை கட்டிவிட்டார்கள்,
மூழ்குவதற்கு மட்டும் இன்னும் ஆழம் இருக்கிறது.

'சேதாரம் சேதாரம்ங்கறாங்களே,
உதிர்ந்தது எங்கே போகுது?'
கணக்கு பார்த்தவர், கேட்கத்தான் செய்வார்.

பட்டறைச் சந்தின் முனையில்
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
சாக்கடை ஓரம் குந்தியிருந்தாள் ஒருத்தி.
இரும்புச் சட்டியில் தெரு மண்.
சுழற்றுகிறாள், சாய்க்கிறாள்,
மறுபடி சுழற்றுகிறாள்.
'ஒரு நாளைக்கு எவ்வளவும்மா தேறும்?'
'தேறுற அன்னைக்குத் தேறும்.
தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.'

தள்ளி நின்றார்.
நின்ற இடத்தில் அவருக்கு மரப்படி தெரிந்தது.
'பழைய வேலைப்பாடு! இதுக்கு முன்னால
நில்லுங்க, ஒரு படம்.'

நின்றேன்.
முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
மஞ்சள் கயிறு, புதுசுதான்,
பதினெட்டாம் பெருக்குக்கு மாற்றியது.

ராத்திரி குடும்பக் குரூப்பில் வந்தது,
'மதுரையின் லண்டன்' என்று போட்டு.
நாத்தனார் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் காலையில்தான்
ஒரு கும்பிடு மட்டும் அனுப்பியிருந்தாள்.

முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது.
பின்னால் பதினேழில் ஒன்பது படிகள்.
ஓரத்தில் அவளுடைய முழங்கை,
சட்டியில் பாதி.
அதற்குள் ஏதோ மின்னுகிறது.
தண்ணீராக இருக்கலாம்.