இலைத் தராசில் இரண்டு ஜோடி

கடைசி லாரி போன பிறகு
போஜன் தராசை மறுபடி ஏற்றினான்.
பச்சிலை தொங்கும் கொக்கியில்
கறுப்பு ஜோடி: நாலு கிலோ நூறு.
மஞ்சள் ஜோடி: மூன்று கிலோ முந்நூறு.
“தண்ணிக் கழிவு போடட்டா?” என்றான்,
கேத்தி முழுக்க அவனைத் திட்டும் அதே குரலில்.

குல்மார்க்கில் இரண்டு குளிர்காலம்
வாடகைக் கடைப் பின்னறையில்
யார் யாரோ சறுக்கிய பலகைகளுக்கு மெழுகு தேய்த்தேன்.
சம்பள பாக்கிக்கு ஈடாக
இந்த நாலும் வந்தன,
மூன்று ரயில், மேல் பெர்த், என் விலாவை இடித்தபடி.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர் கேட்டார்,
“ஏணியாம்மா?”
ஆமாம் என்றேன்.
விளக்கியிருந்தால் பஸ் போயிருக்கும்.

இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்தவை.
எது மூக்கு, எது வால்
என்று பலகைக்கே தெரியாது.
பின்னோக்கிப் போவதற்கென்றே செய்தது என்றதும்
யோகராணி சிரித்தாள்:
“எங்க லைன் வீட்டுக்கு ஏத்த சாமான்.”

தலைகுந்தா, ஜனவரி, ஆறே கால்.
உறைபனியில் ஒவ்வொரு புல்லும் தனியாக விறைத்து நின்றது.
சரிவில் தார்ப்பாய் விரித்து
இரவே தண்ணீர் தெளித்திருந்தோம்.
கீழே, இரண்டு கல்லின் மேல்,
போர்வெல்காரரிடம் கடன் வாங்கிய இரும்புக் குழாய்.
நாற்பது நிமிடம் எங்களுடையது,
அப்புறம் வெயில் வந்து
எல்லாவற்றையும் வெறும் புல்லாக்கிவிடும்.

மஞ்சள் முதலில்.
கால் யோசிக்கும் முன்பே அது திரும்பிவிடுகிறது.
முன்முனையில் சாய்ந்தால்
ரப்பர் செருப்பு மாதிரி மடிந்து
விட்டதும் தூக்கி அடிக்கிறது.
காற்றில் இருக்கும்போது
காலில் ஒன்றுமே இல்லை, பயம் மட்டும்.
ஆனால் ஒவ்வொரு கூழாங்கல்லையும்
பல் வரைக்கும் கொண்டுவந்து சொல்கிறது.
குழாயில் ஐந்தாவது தடவை,
வறுத்த பட்டாணியைக் கடித்த சத்தம்.
இடது பலகையின் எஃகு விளிம்பு
விரலளவுக்குப் பிளந்திருந்தது.

கறுப்பு, உள்ளே மூங்கில்.
கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப்
கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற மாதிரி
கொஞ்சம் தாமதம், திரும்பினால் திரும்பியதுதான்.
கல்லை விழுங்கிவிடும். உன்னிடம் சொல்லாது.
குழாயில் பதினாறு முறை நானே எண்ணினேன்.
கீறல் உண்டு, விரிசல் இல்லை.
ஏழாவது முறைக்குப் பிறகு
முழங்காலுக்கு மேல் தனியாக ஒரு வலி,
அதையும் தராசில் போட வேண்டும்.

“எதை விற்க, எதை வைக்க?”
மணாலிக்காரன் ஒருவன் ஒரு ஜோடி கேட்டிருந்தான்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே
அவள் இடது காலில் கறுப்பு,
வலது காலில் பிளவு இல்லாத மஞ்சள்,
நானூறு கிராம் வித்தியாசத்தை மாட்டிக்கொண்டு
சரிவுக்கு முதுகைக் காட்டி
என்னைப் பார்த்தபடியே இறங்கினாள்.

நேராகப் போகவில்லை.
கனமான கால் பக்கம் இழுத்து இழுத்து
ஒரு பெரிய அரைவட்டம்,
தார்ப்பாயைத் தாண்டி, குழாயைத் தவிர்த்து,
புல்லின் வெள்ளையில் பச்சையாக ஒரு கோடு.
அவள் முகம் மட்டும் கடைசிவரை என் பக்கம்.
விழுந்த பிறகு எழவில்லை, கத்தினாள்:
“இன்னொரு தடவை, கால் மாத்தி!”

கால் மாற்றுவதற்குள் வெயில் வந்துவிட்டது.

அன்று மாலை போஜன்
பிளந்த மஞ்சளை மட்டும் தனியாக மாட்டினான்.
ஐம்பது கிராம் கூட.
விரிசல் வழியாக பனி உள்ளே போயிருக்கிறது.
“பாத்தியா, நான் கழிச்சா மட்டும் சண்டைக்கு வரீங்க.”

மணாலிக்காரனுக்கு இன்னும் பதில் போடவில்லை.
பலகையை அடுப்படியில் சாய்த்து வைத்திருக்கிறேன்,
பிளவு கீழே பார்த்தபடி.
சொட்டுகிறதா என்று
ராத்திரி இரண்டு முறை எழுந்து பார்த்தேன்.