ஏழாம் மாதம், திருநெல்வேலிச் சந்தை

பப்பாசி நிறுக்கிறேன்.
வாங்க வந்த மனுசி தராசைப் பார்க்காமல்
என் வயிற்றைப் பார்க்கிறா.
"பிள்ளை, நீ இதைத் தொடவும் கூடாது."
தொடாமல் எப்படி நிறுக்கிறதக்கா?

அன்னாசி ஆகாது, எள்ளு ஆகாது என்று
மச்சாள் பவளராணி வைபரில் அனுப்புகிறா.
நண்டு தின்றால் பிள்ளை விறாண்டுமாம்.
கணவாய் என்ன குற்றம் செய்தது என்று கேட்டேன்.
பார்த்துவிட்டா. பதில் இல்லை.

கிளினிக்கில் மிட்வைஃப் வேறு கணக்குச் சொன்னா.
பழுத்ததைத் தின், காயை விடு.
பெரிய சுறா வேண்டாம்,
அரைவேக்காட்டு முட்டை வேண்டாம்,
இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி வேண்டவே வேண்டாம்.
அந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

போன முறை
மூன்றாம் மாதம் இரத்தம் கண்டு கிடந்தபோது
ஆசுபத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்
முதலில் கேட்டது, "என்னடி திண்டனி?"
அன்னாசி என்றேன்.
ஒரு துண்டுகூடத் தின்றிருக்கவில்லை.
ஏதாவது ஒன்றின் பெயரைச் சொன்னால்
எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் போலிருந்தது.
போனார்கள்.

அதற்குப் பிறகு
அன்னாசியைத்தான் முன்வரிசையில் அடுக்குகிறேன்,
கொண்டை கலையாமல், ஈ மொய்க்காமல்.
பாவம், அது ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

உள்ளே ஓர் உதை.
தராசுத் தட்டு ஆடி நிற்கும்வரை பிடித்திருக்கிறேன்.
"மேலாய் ஒரு கொய்யா போடன் பிள்ளை."
போடுகிறேன்.
நல்லதாய்ப் பார்த்து
இன்னொன்றை எனக்கு எடுத்து வைக்கிறேன்.
அதைப் பற்றி இதுவரை
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.